உப்புக் கிணறுகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை: எழுதியதும் அனுப்பியதும்

காவிரிக் கழிமுகத்தின் கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் ஏன் உப்பாகிறது என்று ஆராய்ந்து நாங்கள் எழுதிய கட்டுரை சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழில் வெளியானது. எழுதியவர்கள் மூன்று பேர்: என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி, வேதியியல் துறை நண்பர் ஒருவர், நிலவியல் ஆசிரியரான நான். அது வந்ததிலிருந்து மற்ற ஸ்காலர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஜர்னல்ல போட்டா சீக்கிரம் வரும் சார்?"

அவர்களுடைய அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அந்த நிபந்தனையை வைத்துக்கொள்ள முடியும். வேலைக்கு நேர்காணல் என்று போனாலும் பப்ளிகேஷன் பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். உதவித்தொகை முடியும் நாள் நெருங்க நெருங்க யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். இருந்தாலும் ஜர்னலைத் தேடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் ஜர்னல் தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

நம் ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று முடிவு செய்வதுதான் அந்த வேலை. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாலுகாவைத் தேர்ந்தெடுப்பது, கிணறுகளில் மாதிரி எடுப்பது, சோடியம், கால்சியம், குளோரைடு எல்லாம் அளப்பது, நீரின் வேதி வகையைக் காட்டும் பைப்பர் வரைபடம் போடுவது, குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 அளவுகளோடு ஒப்பிடுவது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தத் தரநிலை. கடைசியில் இத்தனை கிணறுகள் குடிக்க உகந்தவை அல்ல என்று எழுதி முடிப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தகவல் தேவைதான். ஆனால் குஜராத்திலோ வியட்நாமிலோ இருக்கும் ஓர் ஆய்வாளருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எடிட்டர்கள் இந்த மாதிரிக் கட்டுரைகளை உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் கேள்வி, அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பது. மோட்டார் வைத்து அதிகமாக இறைப்பதால் இன்றைய கடல் உள்ளே வருகிறதா? கழிமுகக் களிமண்ணில் பழங்காலத்திலிருந்தே தங்கிவிட்ட கடல்நீரா? வேதாரண்யம் பக்கம் இருப்பதுபோன்ற உப்பளங்களிலிருந்து மழையோடு கரைந்து இறங்கும் உப்பா? மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு. முதலாவதாக இருந்தால் இறைப்பைக் குறைக்க வேண்டும். இரண்டாவதாக இருந்தால் குறைத்துப் பெரிய பலன் இருக்காது. ஆகவே கேள்விக்கு ஊரிலும் மதிப்பு இருக்கிறது, துறையிலும் மதிப்பு இருக்கிறது.

இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு விகிதங்கள் உதவின. கடல்நீரில் குளோரைடு, புரோமைடு இரண்டின் எடை விகிதம் ஏறத்தாழ 290. உப்பு படிகமாகும்போது புரோமைடு பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். அதனால் படிக உப்பு கரைந்த நீரில் இந்த விகிதம் பல மடங்கு ஏறிவிடும். அடுத்தது சோடியம், குளோரைடு விகிதம். கடல்நீரில் அது மோல் கணக்கில், அதாவது எடையை விட்டு எண்ணிக்கைப்படி பார்த்தால், 0.86. நன்னீர் இருந்த மண்ணுக்குள் கடல் புதிதாக நுழைந்தால் களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடும், விகிதம் 0.86க்குக் கீழே இறங்கும். பழைய உப்புநீரை மழைநீர் கழுவித் தள்ளும் இடத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். எங்கள் கிணறுகள் இந்த இரண்டு பக்கமும் பிரிந்து நின்றன. எங்கள் கட்டுரையின் உயிர் அந்தப் பிரிவில்தான் இருந்தது. மாணவியிடம் இருந்த மற்ற அட்டவணைகளில் பாதிக்கு மேல் இணைப்புக் கோப்புக்குப் போயின. அவளுக்கு வருத்தம்தான். வெயிலில் அலைந்து சேர்த்த எண்கள் அல்லவா. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாத எண் பிரதான கட்டுரையில் இருந்தால், பதில் சொல்கிற எண் கண்ணில் படாமல் போய்விடும்.

என்னிடம் வரும் எல்லாருக்கும் நான் வைக்கும் சோதனை இது. உன் கட்டுரை என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல். சொல்ல வரவில்லை என்றால் எழுத இன்னும் நேரம் வரவில்லை. என் மாணவி முழு வாதத்தையும் முதலில் தமிழில் எனக்குச் சொல்லி அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆங்கிலத்தில் எழுதினாள். ஆங்கிலத்திலேயே யோசித்து எழுத முயன்றபோது வந்ததைவிட இது எவ்வளவோ தெளிவாக இருந்தது.

இனி ஜர்னல். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலை எடுத்து வைத்து மேலிருந்து கீழே வருவது பலருடைய வழி. நாங்கள் செய்தது வேறு. எங்கள் வாதத்துக்கு அடிப்படையாக இருந்த கட்டுரைகள் எந்தெந்த ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன என்று எங்களுடைய மேற்கோள் பட்டியலிலேயே எண்ணிப் பார்த்தோம். திரும்பத் திரும்ப வரும் பெயர்தான் நம் வாசகர்கள் இருக்கும் இடம். பன்னாட்டு நிலத்தடி நீரியலாளர் சங்கத்தின் ஹைட்ரோஜியாலஜி ஜர்னல், இந்திய அறிவியல் அகாதமியின் ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ், இந்திய நிலவியல் சங்கத்தின் ஜர்னல், 1932 முதல் பெங்களூரிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸ் என்று வரிசை வந்தது. ஒவ்வொன்றிலும் அண்மை இதழ்களைப் புரட்டி, எங்கள் கட்டுரை அங்கே இருந்தால் பொருந்துமா என்று பார்த்தோம். எந்த ஜர்னல் என்று தீர்மானித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். சொல் வரம்பு, படங்களின் எண்ணிக்கை, மேற்கோள் முறை எல்லாம் ஜர்னலுக்கு ஜர்னல் மாறும் என்பதால் இந்த வரிசை நிறைய வேலையை மிச்சப்படுத்தும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் போடப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று நம் மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சந்தாவில் நடக்கும் ஆய்விதழ்கள் பொதுவாக எழுதியவரிடம் காசு வாங்குவதில்லை. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் ஓப்பன் ஆக்சஸ் முறையில்தான் வெளியீட்டுக் கட்டணம் வருகிறது. அதிலும் கட்டணமே இல்லாத நல்ல இதழ்கள் உண்டு. நேச்சர் இதழ் 2021 தொடக்கத்தில் அந்த முறைக்கு நடைமுறைப்படுத்திய கட்டணம் 9,500 யூரோ. சில இதழ்கள் இரண்டு வழியையும் வைத்திருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வரும் படிவத்தில் எந்த வழி என்று கேட்பார்கள். அங்கே நிதானமாகப் படித்துத் தேர்வு செய்ய வேண்டும். தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டால் லட்சக்கணக்கில் பில் வந்து நிற்கும்.

போலி ஆய்விதழ்கள் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளில் அக்செப்டன்ஸ், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம் கேரண்டி, முதல் ஆசிரியர் இடத்துக்கு இவ்வளவு, இரண்டாம் இடத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலே வருகிறது. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்பவர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு பொய்க் கட்டுரையை 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார்; 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. எனக்குத் தெரிந்த வேறொரு கல்லூரி மாணவர் உதவித்தொகையிலிருந்து பணம் கட்டி அப்படி ஓர் இடத்தில் வெளியிட்டார். பிறகு அந்த இதழ் ஸ்கோபஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, பல்கலைக்கழகமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பணம் போனது ஒரு பக்கம். ஒருமுறை வெளியான கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது. அவர் உண்மையாக உழைத்து எடுத்த தரவு அது. நல்ல தரவு அப்படி வீணாவதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டதால் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது நம் கையில் இருக்கிறது. ஒரு ஜர்னல் தன்னைப் பற்றித் தன் பக்கத்தில் எழுதிக்கொள்வதை நம்பாதீர்கள். ஸ்கோபஸில் இருக்கிறதா என்பதை ஸ்கோபஸின் சொந்த இதழ்ப் பட்டியலில், ஒவ்வோர் இதழுக்கும் தனியாக உள்ள ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் போதாது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பட்டியலில் கொடுத்திருக்கும் பதிப்பாளர் பெயரும் நீங்கள் பார்க்கும் தளமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஓப்பன் ஆக்சஸ் இதழ் என்றால் அத்தகைய இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடலாம். அப்புறம் இதழின் எடிட்டர் குழுவில் இருக்கும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

எழுதும் வரிசைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் படங்களை முடித்தோம். படங்களை மேசையில் வரிசையாக வைத்து, வாசிக்காமலே கதை புரிகிறதா என்று பார்த்தோம். பிறகு ஆய்வு முறை, முடிவுகள், விவாதம். முன்னுரை அதற்கப்புறம். சுருக்கமும் தலைப்பும் கடைசி. ஆய்வு முறையில் எதையும் மறைக்கக் கூடாது. நீரில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாக இருக்க வேண்டும்; அதனால் நேர் அயனிகள், எதிர் அயனிகள் கூட்டுத்தொகை எவ்வளவு பொருந்துகிறது என்பதை எங்கள் துறையில் கட்டுரையை மதிப்பிடும் எந்த ரிவ்யூவரும் முதலில் பார்ப்பார். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்த மாதிரிகளை வேதியியல் நண்பர் மறுபடி ஆய்ந்து பார்த்தார். அதையும் அப்படியே எழுதினோம். இட வரைபடத்தில் இன்னொரு கவனம் வேண்டும். இந்தியாவின் எல்லைக்கோடு சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தின்படி இருக்க வேண்டும். மென்பொருளோடு வரும் உலக வரைபடங்களில் பெரும்பாலும் அப்படி இருக்காது. நாங்கள் தமிழகக் கடற்கரையை மட்டும் காட்டினோம்; எங்கள் கட்டுரைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆசிரியர் பெயர்களின் வரிசையைத் தரவு எடுக்கும்போதே பேசி முடித்துவிட்டோம். மருத்துவ இதழ் எடிட்டர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோல் எல்லாத் துறைக்கும் பொருந்தும்: ஆய்விலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இதில் வராது. மறுப்பது சங்கடம்தான். மாணவர்களால் அதைச் சொல்ல முடியாது. நெறியாளர்தான் சொல்ல வேண்டும்.

நம் பெயர்களே ஒரு பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஆனால் சமர்ப்பிக்கும் தளத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. சிலர் அங்கே இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் தன் பெயரையே. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒவ்வொரு மாதிரி போட்டால் தரவுத்தளங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிடுவார். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, அதை எந்நாளும் மாற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மாணவி தன் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகவும் அப்பா பெயரை முழுதாக விரித்து முதல் பெயராகவும் வைத்தாள். அதோடு ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணும் வாங்கிக்கொண்டாள். இலவசம்தான், சில நிமிடத்தில் கிடைக்கும். பெயர் எப்படி அச்சானாலும் அந்த எண் ஆளைச் சரியாகக் காட்டும்.

பிறர் எழுதியதோடு நம் வாசகம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்கிறது. அந்த எண்ணைக் குறைப்பதற்காகவே சொற்களை மாற்றிப் போடும் மென்பொருளில் கொடுத்துவிட்டு வாசகமே புரியாமல் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிறேன். பொருள் புரிந்து, மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதினால் எண் தானாகக் குறையும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் பயன்படுத்தினோம், அந்த ஜர்னல் கேட்டபடி அதைக் குறிப்பிட்டோம். அப்படிப்பட்ட கருவியை ஆசிரியராகப் போட முடியாது என்று வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கட்டுரையோடு எடிட்டருக்கு அனுப்பும் கவர் லெட்டரில் நான்கைந்து வாக்கியம் போதும். என்ன கேள்வி, என்ன கண்டோம், இந்த இதழின் வாசகருக்கு ஏன் தேவை, வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது பெரிய தவறு; சீக்கிரம் வரட்டும் என்று அதைச் செய்யத் தூண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

முதலில் அனுப்பிய இதழ், எங்கள் ஆய்வு ஒரு வட்டாரத்துக்கு உரியது என்று சொல்லி ரிவ்யூவுக்கு அனுப்பாமலே திருப்பியது. சீக்கிரமே சொல்லிவிட்டார்கள், அது நல்லதுதான். அடுத்த தேர்வு ஏற்கனவே கையில் இருந்ததால் வடிவத்தை மாற்றி அங்கே அனுப்பினோம். பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு பெரிய திருத்தங்கள் வேண்டும் என்று பதில் வந்தது, இரண்டு ரிவ்யூவர்களின் நீளமான குறிப்புகளோடு. மாணவி முகம் வாடிவிட்டது. "சார், ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?" என்றாள். "இல்லம்மா, உள்ள கூப்பிட்டிருக்காங்க" என்றேன். பெரிய திருத்தம் என்று வந்தால் எடிட்டருக்குக் கட்டுரையில் அக்கறை இருக்கிறது என்று பொருள்.

சில நாள் அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் எண் கொடுத்தோம். சொன்னது சரி, செய்துவிடலாம் என்பவை பெரும்பாலானவை. ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றிய குறிப்புகள் சில. அவற்றுக்கு விளக்கம் மட்டும் எழுதினால் போதாது, கட்டுரையிலும் அந்த இடத்தை மாற்ற வேண்டும். அவருக்குப் புரியாதது அடுத்த வாசகருக்கும் புரியாது. மூன்றாவது வகைதான் கடினம். இரண்டாவது ரிவ்யூவர், உப்புநீர் பழமையானது என்று சொல்வதற்குக் நீரின் வயதைக் காட்டும் கார்பன்-14, டிரிட்டியம் ஐசோடோப்பு ஆய்வுகள் வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. இன்றைய கடலுக்கும் பழைய கடலுக்கும் புரோமைடு விகிதம் ஒன்றுதான்; வயதை அது சொல்லாது. எங்களிடம் அந்த வசதியும் இல்லை, அதற்கான நிதியும் இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் எழுதினோம். அதோடு எங்கள் கூற்றின் அளவைக் குறைத்தோம். பழங்காலக் கடல்நீர் என்று இருந்த இடத்தில், கடல் வழி வந்த உப்பு, அதன் ஒரு பகுதி இப்போது கழுவப்பட்டு வருவதை அயனி விகிதங்கள் காட்டுகின்றன என்று மாற்றினோம். வயதைத் தீர்மானிக்க ஐசோடோப்பு ஆய்வு தேவை என்பதையும் கட்டுரையிலேயே சொன்னோம். எடிட்டர் ஏற்றுக்கொண்டார். கேட்டதைச் செய்ய முடியாதபோது, தரவு தாங்கும் அளவுக்கு வாதத்தைச் சுருக்குவது கௌரவமான வழி. கட்டுரையும் அதனால் வலுவானது என்றே நினைக்கிறேன்.

பதில் கடிதத்தில் ரிவ்யூவரின் குறிப்பு முழுதாக, அதன் கீழே எங்கள் பதில், அதன் கீழே மாற்றிய வாசகம், வரி எண். எடிட்டர் பழைய பிரதியையும் புதியதையும் மாற்றி மாற்றிப் புரட்ட வேண்டிய அவசியமே வரக் கூடாது. நன்றி ஒருமுறை சொன்னால் போதும். ஒவ்வொரு பதிலிலும் புகழ வேண்டாம். ரிவ்யூவர் சில கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னால், பொருந்துவதைச் சேர்த்துவிட்டு மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று பணிவாக எழுதலாம். கட்டாயப்படுத்துவதாகத் தோன்றினால் எடிட்டருக்குத் தனியாக எழுதுவதில் தவறில்லை.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு ப்ரூஃப், அதாவது வெளியாகும் முன் பிழை பார்க்க வேண்டிய பிரதி, வரும். பெரும்பாலும் இரண்டே நாள் தருவார்கள், ஆகவே மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துப் படித்தோம். அட்டவணை எண்களை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களின் எழுத்துகளைத் தனியாகப் பாருங்கள். அவற்றை அச்சுக்கோப்பவரால் சரிபார்க்க முடியாது. வரைபடத்தில் ஒரு மாதிரியும் அட்டவணையில் ஒரு மாதிரியும் இருந்தால் பின்னால் அதே கிணற்றைத் தேடி வருகிறவர் குழம்புவார். மூலத் தரவை ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி, அதை எப்போதும் கண்டுபிடிக்க உதவும் டி.ஓ.ஐ. எண்ணையும் கட்டுரையில் கொடுத்தோம்.

வெளியான பிறகு ஒரு வேலை மீதி இருந்தது. கிணற்றைத் திறந்துவிட்டவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரையால் என்ன பயன்? இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் கிணற்று உரிமையாளர்களிடமும் மாணவி கொடுத்தாள். மணல்மேட்டில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது, ஆழ்துளை போட்டு வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், ஆழமில்லாத அகலக் கிணறே அங்கே பாதுகாப்பு என்பதுதான் அதன் சாரம். படித்துவிட்டு ஒரு பெரியவர், வடகிழக்குப் பருவமழை முடிந்து எத்தனை மாதம் வரை தண்ணீர் இனிக்கும் என்று கேட்டார். எங்கள் தரவில் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு பருவ அளவுகள்தான் இருந்தன, மாதவாரியாக எதுவும் இல்லை. மாணவி இப்போது அதே கிணறுகளில் மாதாமாதம், நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறனை அளந்து வருகிறாள்.